சலாபமும் குளமும்: மறிச்சுக்கட்டியை எழுதியவர்கள்

நம்மிடையே வெளிவரும் ஊர் வரலாறுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றின் அமைப்பு மனப்பாடமாகியிருக்கும். முதற் பக்கத்தில் ஓர் அரபுக் கப்பல் கரைதட்டும். அடுத்து, காடு வெட்டிய மூதாதையர் இருவரோ மூவரோ வருவர். பின்னர் பள்ளிவாசல், அதைக் கட்டிய ஹாஜியார், விதானைமார், பாடசாலை அதிபர்களின் பெயர்ப் பட்டியல், முதல் டொக்டர், முதல் எஞ்ஜினியர். கடைசியில் அனுசரணையாளர்களுக்கு நன்றி. பள்ளித் திறப்பு விழா மலர், பாடசாலைப் பவள விழா மலர் எதை எடுத்தாலும் இதுதான். அட்டையைக் கழற்றி வேறோர் ஊரின் அட்டையைப் போட்டாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது.

காத்தான்குடி, சம்மாந்துறை, கல்முனை போன்ற பேரூர்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவற்றுக்குச் சொந்தச் சபை உண்டு, அலுவலகம் உண்டு, கோவைகள் உண்டு. மலரில் விடுபட்டது வேறெங்காவது கிடக்கும். சொந்தச் சபை இல்லாத, யாரோ ஒருவருடைய பிரதேச சபைக்குள் ஒரு கிராம சேவகர் பிரிவாக மட்டும் எண்ணப்படும் சிற்றூரின் நிலை வேறு. அதற்கென்று தனிக் கோவை இல்லை. பக்கத்துப் பேரூரின் வரலாற்றில் ஒரு பந்தி கிடைத்தால் அதுவே பெரிது. அப்படிப்பட்ட ஊர் தன் வரலாற்றைத் தானே எழுத உட்காரும்போது பேரூரின் மலரைப் பார்த்துக் கொப்பி அடிக்கிறது. இங்கேதான் தவறு நடக்கிறது என்பது என் எண்ணம். ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதை இதுவரை எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

அந்த ஊர் மறிச்சுக்கட்டி. மன்னார் மாவட்டத்தின் தெற்கு ஓரம், முசலிப் பிரதேச செயலகப் பிரிவு. தெற்கே மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வில்பத்து தேசிய வனம். மேற்கே கடல். வடக்கே கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி, சிலாவத்துறை என்று ஊர்கள் கரையோரமாக நீள்கின்றன. புத்தளத்திலிருந்து இலவன்குளம் வழியாகக் காட்டுக்குள்ளால் வரும் பழைய பாதை மன்னார் மாவட்டத்தில் முதலில் தொடும் ஊர் இதுதான்.

பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கரடிக்குளி, பாலைக்குளி, பொற்கேணி, வேப்பங்குளம், முள்ளிக்குளம், அகத்திமுறிப்பு, பண்டாரவெளி. குளி, கேணி, குளம், முறிப்பு, வெளி. முறிப்பு என்பது வன்னிப் பக்கத்துப் பேச்சில் உடைப்பெடுத்த குளத்தைக் குறிக்கும் சொல். மறிச்சுக்கட்டி என்பதையும் நீரை மறித்துக் கட்டிய இடம் என்றே என் காது கேட்கிறது. இது என் வாசிப்பு. வேறு விளக்கம் சொல்வோரும் இருக்கலாம். மழை குறைந்த ஒரு வறண்ட கரையில் தண்ணி எங்கே நின்றது, எங்கே உடைத்துக்கொண்டு ஓடியது, எங்கே தோண்டினால் ஊறியது என்பதை இந்தப் பெயர்கள் பதிந்து வைத்திருக்கின்றன. எழுதத் தெரியாத உழவர்கள் எழுதிவைத்த இடாப்பு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இப்பகுதியைப் பற்றி எழுதியவர்களுள் இந்த இடாப்பைப் புரட்டியவர்கள் மிகச் சிலரே.

புரட்டாததற்குக் காரணம் கடலில் கிடந்த முத்து.

மன்னார்க் குடாவின் முத்துப் பார்களைப் பற்றி உலக மொழிகளில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. முத்துக்குளிப்புக்கு நம் மொழியில் சலாபம் என்று பெயர். சிலாவத்துறை என்ற ஊர்ப் பெயருக்குள்ளும் அந்தச் சொல்தான் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் சலாபம் கொண்டச்சிக் கரையில் கூடியது. தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த், அதை மேற்பார்க்க அரிப்பில் ஒரு மாளிகையே கட்டினார். அதன் இடிந்த சுவர்கள் இன்றும் கடலரிப்புக்கு ஒவ்வொன்றாகப் பலியாகின்றன. 1803இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் நூலில் றொபர்ட் பேர்சிவல் என்ற இராணுவ அதிகாரி கொண்டச்சியை வருணித்தார். அவருடைய சித்திரத்தில் இரண்டு நிலைகள்தான். சலாபம் கூடினால் ஆயிரக்கணக்கான சனம், பல நிறம், பல மொழி, சந்தை இரைச்சல். கலைந்தால் வெறும் மணல், பாழ்.

நூறு வருடம் கழித்து, சலாபம் மறிச்சுக்கட்டிக் கரைக்கு வந்தபோதும் அதே சித்திரம்தான் திரும்ப எழுதப்பட்டது. 1903 முதல் 1907 வரை பெரிய சலாபங்கள் நடந்தன. அவற்றுள் 1905ஆம் ஆண்டுச் சலாபம் வருமானத்தில் பெயர் பெற்றது. பஹ்ரைனிலிருந்தும் குவைத்திலிருந்தும் அரபிகள் வந்தார்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடற்கட்டிகள் வந்தார்கள். விஞ்ஞானி ஹேர்ட்மன் முத்துச் சிப்பியைப் பற்றி ஐந்து பாகங்களில் அறிக்கை எழுதினார். அமெரிக்கரான பென்பீல்ட் தன் கிழக்கு நாட்டுப் பயண நூலில் (1907) மறிச்சுக்கட்டியைப் பற்றி ஆசையோடு எழுதினார்; சீசன் முடிந்து போனால் அங்கே பார்க்க ஒன்றும் கிடைக்காது என்ற தொனி அவரிடமும் உண்டு. கொட்டகை போட்டதும் நகரம் பிறக்கிறது, கொட்டகை பிரித்ததும் நகரம் இறக்கிறது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது.

இவர்களுள் எழுத்தாற்றல் மிக்கவர் லெனாட் வூல்ப். யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் உத்தியோகத்தராக இருந்தவரை 1906இல் சலாப வேலைக்கு அனுப்பினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1961இல் வெளிவந்த 'குரோயிங்' என்ற தன்வரலாற்றுப் பாகத்தில் அதை நினைவுகூர்கிறார். சிப்பி எண்ணும் கொட்டு, வள்ளம் வள்ளமாக வந்து இறங்கும் சிப்பியை மூன்று குவியலாக்கி இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு என்று பிரிப்பது, இரவு ஏலம், அழுகும் சிப்பியின் நாற்றம், கண்ணிலும் சோற்றிலும் மொய்க்கும் இலையான். அதிகாரியிடம் குனிந்து நிற்காமல் சக மனிதனாகப் பழகிய அரபிகளை அவருக்குப் பிடித்துப்போகிறது. ஓர் அரபுக் குளிகாரர் மௌத்தாகி, கரையில் அவருடைய ஆட்கள் அழும் இரவைப் பற்றி அவர் எழுதியிருப்பது, ஒரு காலனித்துவ அதிகாரியின் எழுத்தில் முஸ்லிம்களைப் பற்றி வந்த மிக மனிதநேயமான பக்கங்களில் ஒன்று என்பேன்.

ஆனால் மறிச்சுக்கட்டி அந்தப் பக்கங்களில் இல்லை. கடலுக்கும் கொட்டுக்கும் நடுவில் நின்று பார்க்கும் வூல்பின் கண், முதுகுப் பக்கம் திரும்புவதில்லை. அந்தப் பக்கத்தில்தானே குளமும் வயலும் இருந்தன? பல்லாயிரம் பேர் கூடிய முகாமுக்குக் குடிதண்ணி எங்கிருந்து எடுத்தார்கள்? விறகு யார் வெட்டினார்கள்? ஆட்டையும் கோழியையும் யார் விற்றார்கள்? வாந்திபேதிப் பயம் எப்போதும் இருந்த அந்த இடத்தில், அரபி மௌத்தானால் குழி தோண்டிக் கொடுத்தது யார்? ஒரு சிற்றூரின் பார்வையில் 1906 என்பது இந்தக் கேள்விகள்தான்.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று இருக்கிறது. இதே வூல்ப்தான் பிறகு அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து, 1913இல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்ற நாவலை எழுதினார். காட்டு நடுவில் ஒரு சிங்களச் சிற்றூர். சேனைப் பேமிட்டுக்காகத் தலைமைக்காரனின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனம். கடனும் வழக்கும் காய்ச்சலும் ஒவ்வொரு குடும்பமாகத் தின்ன, கடைசியில் காடு ஊரை மூடிவிடுகிறது. சேனையும் சர்க்காரும் காடும் ஒரு சிற்றூரை எப்படி இறுக்கும் என்று அவரைவிட நன்றாக விளங்கிய ஆங்கிலேயர் இல்லை. தெற்கில் கண்டதை வடமேற்கில் அவர் காணாமல் போனது முத்தின் பளபளப்பால் என்றுதான் எனக்குப் படுகிறது. போகட்டும், அவர் நம் ஊருக்கு வரலாறு எழுத வந்தவர் அல்லர்.

நாம் என்ன எழுதினோம்?

நம் எழுத்துக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு நின்றுகொண்டிருக்கிறது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் சம்பந்தப்பட்டிருந்த அந்தக் காலத்தில் அந்த மறுப்பு தேவையானது, துணிச்சலானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, எந்த மூலையில் எந்த ஊர் தன் வரலாற்றை எழுதினாலும் இராமநாதனுக்குப் பதில் சொல்வதுபோலவே எழுதுகிறது. குளத்தைப் பற்றிக் கேட்டால் கப்பலைப் பற்றிச் சொல்கிறது.

கப்பலுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனை. இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த அவர் 1827இல் வெளியிட்ட குறிப்பில், ஹாஷிம் குலத்தவர் சிலர் கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறி, இலங்கையின் கரையோரங்களில் குடியேறினர் என்றும், அக்குடியேற்றங்களில் மாந்தை, மன்னார், குதிரைமலை, புத்தளம் ஆகியன அடங்கும் என்றும் எழுதினார். குதிரைமலை மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே, காட்டுக்குள் இருக்கும் கரைமுனை. ஆகவே இப்பகுதி பற்றி எழுதுவோருக்கு ஜோன்ஸ்டன் ஒரு வரப்பிரசாதம். ஆனால் ஜோன்ஸ்டன் அதைச் சொந்தமாகக் கண்டுபிடித்து எழுதவில்லை. இங்கிருந்த முஸ்லிம்கள் தங்களிடையே வழங்கிய மரபாக அவருக்குச் சொன்னதைத்தான் எழுதினார். நம் மூத்தவாப்பாமார் சொன்னதை ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். அந்த வெள்ளைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மூத்தவாப்பாமார் சொன்னது உண்மை என்று நாம் நிறுவுகிறோம். இது சுற்றிச் சுற்றி ஒரே மரத்தடிக்கு வருவது. மரபு பொய் என்று நான் சொல்லவில்லை. மரபை மரபாகவே மதித்துப் பதிந்திருந்தால், யார் யாருக்குச் சொன்னது, எந்தக் குடும்பத்தில் எப்படி வழங்கியது என்பதாவது மிஞ்சியிருக்கும்.

கப்பலோடு முத்தும் சேர்ந்துகொள்கிறது. குதிரைமலையில் அல்லி அரசாணி ஆண்டாள், முத்துக்குக் குதிரை மாற்றினாள் என்ற கதை. இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முத்தைக் கண்டது. பிறகு ஆங்கிலேயர் சலாபம். இவையெல்லாம் இந்தக் கரைக்கு உரியவைதான். ஆனால் இப்படி எழுதுகிறவர், பேர்சிவலும் பென்பீல்டும் எங்கே நின்றார்களோ அதே இடத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய எழுத்திலும் 1907க்குப் பிறகு சலாபம் ஓய, ஊரும் ஓய்ந்துவிடுகிறது. அடுத்த பந்தி 1990.

அந்த இடைவெளி எண்பத்து மூன்று வருடம்! முத்து இல்லாத அந்த எண்பத்து மூன்று வருடத்தில் சனம் என்ன சாப்பிட்டது? குளத்தடியில் நெல், மேட்டில் சேனை, பட்டியில் மாடு, கரையில் வலை. குளம் உடைத்த மழை எது, ஊரைக் கலைத்த மலேரியா எது, முதல் பாடசாலைக்கு ஓலை வேய்ந்தது யார், வயசுக்கு வந்த பிள்ளையை மன்னாருக்குக் கட்டிக் கொடுத்தார்களா புத்தளத்துக்கா? ஒரு சிற்றூரின் வரலாறு என்றால் அந்த எண்பத்து மூன்று வருடம்தான்.

இதை வெறும் எழுத்துக் குறையாக விட்டுவிட முடியாது. இதற்கு ஊர் கொடுத்த விலை பெரியது.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முசலியின் ஊர்களும் அந்த மாதத்தோடு வெறுமையாகின. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி இருபது வருடம் இருந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது வீட்டுக்குள் மரம் நின்றது. வயல் காடாகியிருந்தது. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நாலைந்து குடும்பமாகத் திரும்பியிருந்தார்கள். 2012 ஒக்டோபரில் வந்த ஒரு வர்த்தமானி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காட்டை ஒதுக்குக் காடாகப் பிரகடனம் செய்தது. 2015இல் கொழும்பிலுள்ள ஊடகங்களில் 'வில்பத்தை அழிக்கிறார்கள்' என்ற கூச்சல் கிளம்பியது. மீள்குடியேற்றம் நடந்தது தேசிய வனத்துக்கு வடக்கே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்பதைச் சொல்லக்கூடப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. 2017 மார்ச் 24இல் மாவில்லு, வேப்பல், கரடிக்குளி-மறிச்சுக்கட்டி, விளாத்திக்குளம் காடுகளைச் சேர்த்து 40,030 ஹெக்டேயரை மாவில்லு காப்புக்காடு என்று ஜனாதிபதி பிரகடனம் செய்தார். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்குக் காட்டில் மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நட உத்தரவிட்டது.

சூழலியல் எழுத்தாளர்கள் எல்லோரையும் இனவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது நமக்கு வசதி. நான் அப்படிச் செய்யமாட்டேன். காடு அழிவதைப் பற்றி அவர்களுக்கு உண்மையான கவலை இருந்தது. மீள்குடியேற்றம் என்ற பெயரில் அரசியல்வாதிகள் தங்கள் வாக்குக் கணக்கையும் பார்த்தார்கள் என்பதை முசலியிலேயே சொல்லுவார்கள், கொஞ்சம் சத்தம் குறைத்து. ஆனால் அவர்களுடைய எழுத்தின் அடிப்படைப் படிமம் எங்கிருந்து வந்தது? 1803இலும் 1907இலும் வரையப்பட்ட அதே படம்தான். இங்கே ஊர் என்று ஒன்று நிலையாக இருந்ததில்லை, காடும் மணலும்தான் நிலை, மனிதர் வந்து போகிறவர்கள். முன்பு முத்துக்கு வந்தார்கள், இப்போது காணிக்கு வருகிறார்கள். செய்மதிப் படத்தில் 1990க்குப் பிறகு பச்சை கூடியதைக் காட்டி, இது எப்போதும் காடுதான் என்று சொல்லுவது இலகுவாக இருந்ததற்கு, அதற்கு முந்திய வயலை யாரும் எழுதிவைக்காததும் ஒரு காரணம்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து, காடாகவோ தரிசாகவோ கிடக்கும் நிலம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது. நிரூபிக்க வேண்டியவன் உழுதவன். சேனை வெட்டியவனிடம் உறுதி இருக்காது. உறுதி இருந்தவனும் 1990இல் என்னத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்?

இந்த நேரத்தில் நம்மவர்கள் எழுதியவற்றைத் திரும்பப் படித்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வந்த துண்டுப் பிரசுரங்களிலும் கட்டுரைகளிலும் ஆயிரம் வருட வரலாறு இருந்தது, அரபிகள் இருந்தார்கள், குதிரைமலை இருந்தது. எதிரே இருந்தவர் கேட்டதோ மிகச் சின்னக் கேள்வி: 1989இல் இந்தத் துண்டில் யார் நெல் விதைத்தது? ஆயிரம் வருடத்துக்குப் பதில் வைத்திருந்த நமக்கு முந்தாநேத்தைக்குப் பதில் இல்லை. ஆயிரம் வருடக் கதை நம்மைக் காக்கவில்லை என்பது மட்டுமில்லை. 'பாருங்கள், இவர்களே வெளியிலிருந்து வந்தோம் என்கிறார்கள்' என்று சொல்லுகிறவனுக்கு அது கைகொடுக்கவும் செய்தது.

இதில் விதிவிலக்கானவர்களை மறக்கக் கூடாது. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், பேராதனையில் புவியியல் கற்பித்தவர். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி அவர் 2001இல் வெளியிட்ட ஆங்கில நூலும், முசலிக் காணிகளைப் பற்றி 2018இல் மௌத்தாகும்வரை அவர் எழுதியும் பேசியும் வந்தவையும் இந்த மலர் மரபிலிருந்து அடியோடு விலகியவை. புவியியலாளர் என்பதால் அவர் கப்பலில் தொடங்கவில்லை, காணியில் தொடங்கினார். எந்த ஊர், எத்தனை குடும்பம், எவ்வளவு இழப்பு. அவருடைய நடை வரண்டது, சில இடங்களில் அட்டவணையைப் படிப்பதுபோல் இருக்கும். இருந்தாலும் பிரச்சினை வந்தபோது மேசையில் வைக்கக்கூடியதாக இருந்தது அந்த வரண்ட எழுத்துத்தான்.

2011இல் பிரஜைகள் ஆணைக்குழு வெளியிட்ட வெளியேற்றம் பற்றிய அறிக்கையும் முக்கியமானது. சாட்சியங்கள் நிறைந்தது. ஆனால் அதன் நோக்கம் 1990. எந்த ஊரும் அதில் தன் கடைசி நாளிலிருந்துதான் பேசத் தொடங்குகிறது. அகதியாகும் முன் அவர் யாராக இருந்தார் என்பதை ஓர் ஆணைக்குழுவிடம் எதிர்பார்க்கவும் முடியாது. அது ஊர்க்காரன் செய்ய வேண்டிய வேலை.

செய்யலாமா என்றால், செய்யலாம். அரசாங்க உத்தியோகத்தர் போக் 1888இல் மன்னாரைப் பற்றி ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். அதை நம்மில் எத்தனை பேர் ஊர் ஊராகப் பிரித்துப் படித்திருக்கிறோம்? சனத்தொகைக் கணக்குகள், பிறப்பு இறப்பு விவாகப் பதிவுகள், பாடசாலைச் சேர்வு இடாப்புகள், நெற்காணி இடாப்புகள், பேமிட்டுகள் ஆகியவை முழுவதுமாக அழிந்துவிடவில்லை. பாடசாலைச் சேர்வு இடாப்பில் தகப்பனின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பது வருட இடாப்பில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால், எத்தனை பேர் 'விவசாயம்', எத்தனை பேர் 'மீன்பிடி' என்று தெரிந்துவிடும்.

பக்கத்து ஊரிடமும் கேட்க வேண்டும். முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழரின் ஊர். 2007இல் அவர்களையும் வெளியேற்றிவிட்டு அங்கே கடற்படை இருந்துகொண்டது. 2017இல் போராடித்தான் ஒரு பகுதியையாவது திரும்பப் பெற ஒப்புதல் வாங்கினார்கள். மறிச்சுக்கட்டி வயலை அறிந்தவர்கள் முள்ளிக்குளத்திலும் இருப்பார்கள், முள்ளிக்குளத்து வலையை அறிந்தவர்கள் இங்கேயும் இருப்பார்கள். நம் மலர்களில் பக்கத்து ஊர்க்காரன் 'சகோதர இனத்தவர்களுடன் நல்லுறவு' என்ற ஒற்றை வரியில்தான் வருகிறான். ஆயிரம் மைல் தூரத்து அரபி முழுப் பெயரோடு வருகிறார்.

பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நான் படித்த மலர்களில் பெண் ஒருத்தி படத்தோடு வந்தால் அது அநேகமாக அதிபராக இருந்தவர். ஆனால் காணியின் எல்லையையும், யார் யாருக்குச் சீதனமாக எது போனது என்பதையும் ஞாபகம் வைத்திருப்பது யார்?

பல வருடங்களுக்கு முன் புத்தளம் பக்கத்து முகாம் ஒன்றில், முசலியிலிருந்து வந்த வயதான உம்மா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னுடைய கேள்வியெல்லாம் சலாபத்தைப் பற்றித்தான். நானும் அந்த மலர்களைப் படித்து வளர்ந்தவன்தானே. அவருக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. "அதெல்லாம் எங்கட மூத்தப்பாமாருட காலம், மகன்" என்றுவிட்டு, உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். கூப்பன், ஒரு பேமிட்டின் பாதி, மகனின் சைக்கிளுக்குக் கட்டிய பற்றுச்சீட்டு, நெல்லுக் கொடுத்த துண்டு இரண்டு, ஒரு பிறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். "பள்ளிக் கணக்குக் கொப்பி லெப்பைட வீட்ட இருந்தது. அவர் மௌத்தாப் போயிட்டார். அதுல எங்கட வாப்பா நெல்லு அளந்து கொடுத்தது எல்லாம் எழுதியிருக்கும்" என்றார். குளக்கட்டில் எந்த மரத்திலிருந்து எந்த மரம்வரை தங்கள் காணி என்று கையை நீட்டிக் காட்டினார். நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு அது வரலாறாகத் தெரியவில்லை.

இப்போது முசலியில் இளைஞர் சிலர் தங்கள் ஊர்களின் வரலாற்றை எழுத முயல்வதாகக் கேள்விப்படுகிறேன். மையவாடிக்குப் போய் மீஸான் கற்களை எண்ணிவிட்டுத் தொடங்கட்டும். எந்தக் கல்லடியில் யார் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும், அவர்களில் பாதிப் பேர் இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறார்கள்.